டைமிங் வைக்கும்போது டீ வாங்கப் போனவர்கள்

லாரிப் பட்டறைக்கு வேலை பழகப் போகும் நம் பிள்ளைகளுக்குக் கடைசியாகச் சொல்லித் தரப்படுவது என்ஜின் டைமிங். பலருக்கு அது சொல்லித் தரப்படுவதே இல்லை. மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவுவது, பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுப்பது, வால்வு அரைப்பது, கனமான ஹெட்டைத் தூக்கிப் பிடிப்பது என்று எல்லா வேலையையும் அவர்கள்தான் செய்கிறார்கள். என்ஜினைப் பூட்டி முடித்து, வால்வு எப்போது திறக்க வேண்டும், பிளக்கில் எப்போது கரன்ட் விழ வேண்டும் என்று வைக்கிற வேளை வந்ததும், "டேய், போய் நாலு டீ வாங்கிட்டு வா" என்று குரல் வருகிறது. டீயோடு திரும்பி வரும்போது டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட் முறுக்கப்பட்டிருக்கும்.

டைமிங் வைக்கத் தெரிந்தவர் மெக்கானிக், தெரியாதவர் எடுபிடி. பட்டறைகளில் எழுதாமல் இருக்கும் சட்டம் இதுதான். கூலியும் இந்தக் கோட்டில்தான் பிரிகிறது. சொந்தமாகப் பட்டறை வைப்பவர் யார், 40 வயதிலும் 'பையன்' என்று கூப்பிடப்படுபவர் யார் என்பதும் இங்கேதான் முடிவாகிறது. எனவே, பழைய பெட்ரோல் லாரி என்ஜின் ஒன்றில் டைமிங்கை எப்படிச் சரிபார்ப்பது என்பதை இந்த வாரம் நாம் வெளிப்படையாக எழுதுகிறோம். தலித் பிரச்சினைகளைப் பேசும் பத்தியில் இதற்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், கடைசி வரை படித்துவிட்டுச் சொல்லட்டும்.

ஒரு பழைய ஷெவர்லே

கருமத்தம்பட்டி, கோவையிலிருந்து அவினாசிக்குப் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது. பக்கத்தில் சோமனூர் விசைத்தறிகள். நூலும் துணியும் ஏற்றிய வண்டிகள் இரவும் பகலும் போய்வருகிற சாலை. இந்த வட்டாரத்துப் பட்டறை ஒன்றில், 1940களைச் சேர்ந்த ஷெவர்லே லாரி ஒன்றின் என்ஜினைப் பிரித்துப் புதுப்பித்தார்கள். பழைய வாகனக் காட்சிக்கு ஓட்டிப் போக வேண்டும் என்பது உரிமையாளரின் ஆசை.

அந்தக் கால ஷெவர்லே லாரி நம் ஊருக்கு அந்நியமானதல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928ஆம் ஆண்டிலேயே பம்பாயில் ஆலை அமைத்து வண்டிகளைப் பூட்டி விற்றது. இரண்டாம் உலகப் போருக்காக வந்த ராணுவ லாரிகளிலும் ஷெவர்லே ஏராளம். போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்டவை ஏலத்தில் போய், பாரம் சுமக்கும் லாரிகளாக மறுபிறவி எடுத்தன. அவற்றில் பலவற்றில் இருந்தது 216 கன அங்குல என்ஜின். நம் கணக்கில் ஏறக்குறைய மூன்றரை லிட்டர். வரிசையாக ஆறு சிலிண்டர்கள். வால்வுகள் மேலே ஹெட்டில் இருக்கும்.

இந்த என்ஜினைப் பிரித்ததிலிருந்து பூட்டியது வரை கூடவே நின்றவர்கள் நம் காலனித் தம்பிகள் இருவர். 12 வால்வுகளையும் கையால் அரைத்து உட்கார வைத்தவர்களும் அவர்கள்தான். டைமிங் வைத்த நாளில் வழக்கம்போல அவர்கள் அங்கே இல்லை. வண்டியை உயிர்ப்பிக்கப் பார்த்தபோது என்ஜின் பிடிக்கவில்லை. கார்புரேட்டர் வழியாக 'டப் டப்' என்று வெடித்தது. உடனே வந்த பேச்சு: "வால்வை ஒழுங்கா அரைச்சிருக்க மாட்டானுங்க."

பழி இப்படித்தான் கீழ்நோக்கி இறங்குகிறது. தெரியாத வேலையில் நடந்த தவறுக்கு, தெரிந்த வேலையைச் செய்தவர்கள் குற்றவாளிகள் ஆனார்கள். பதில் சொல்ல அந்தத் தம்பிகளுக்கு வழியில்லை. டைமிங் என்பது என்னவென்று தெரிந்திருந்தால் அல்லவா, கோளாறு எங்கே என்று அவர்கள் காட்டியிருக்க முடியும்?

கவலை ஓட்டியவர்களுக்குத் தெரிந்த கணக்கு

டைமிங் நமக்குப் புதிய வித்தை அல்ல. கொங்கு நாட்டுக் கிணறுகளில் பம்புசெட் வருவதற்கு முன் கவலை ஓடியது. அதில் சால் என்ற பெரிய பாத்திரம் தண்ணீரை மொள்ளும். சாலின் அடியில் தும்பி என்ற நீண்ட தோல் குழாய் இருக்கும். சாலை இழுப்பது வடக்கயிறு. தும்பியின் வாயை மேலே மடித்துப் பிடித்திருப்பது வால்கயிறு. எருதுகள் வாரியில் இறங்கும்போது இரண்டு கயிறுகளும் சேர்ந்தே இழுபடும். ஏறும்போது தும்பியின் வாய் மேல்நோக்கி இருப்பதால் தண்ணீர் சிந்தாது. சால் உச்சிக்கு வருகிற நேரத்தில் தும்பியின் வாய் தொட்டிப் பக்கம் சாய்ந்து தண்ணீரைக் கொட்டும். வால்கயிறு நீளம் தவறினால் தண்ணீர் பாதி வழியிலேயே கிணற்றுக்குள் கொட்டிவிடும், இல்லையென்றால் தொட்டிக்கு வந்து சேராது.

திறக்க வேண்டிய வாய், திறக்க வேண்டிய இடத்தில், திறக்க வேண்டிய நேரத்தில் திறப்பது. வால்வு டைமிங் என்பது இதுதான். என்ஜினில் கயிறுக்குப் பதில் பல்சக்கரம்.

அந்தத் தும்பியைத் தோலில் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். சிந்தாமல் தைப்பதும், தேய்ந்த இடத்தில் ஒட்டுப் போடுவதும், கயிற்றின் அளவு பார்ப்பதும் அவர்கள் கைத்திறன். அந்தத் தோலில் ஏறி வந்த தண்ணீர் வயலுக்கும் வீட்டுக்கும் போனது. தைத்தவர் மட்டும் அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது. 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. ஆயில் என்ஜினும் மின் மோட்டாரும் மெல்ல மெல்லக் கவலையின் இடத்தைப் பிடித்தன. தும்பிக்கு வேலை போனது. தும்பி தைத்தவரைக் கூப்பிட்டு, "இனி இந்த என்ஜினைப் பார்த்துக்கொள்" என்று சொல்லித் தந்தவர்கள் எத்தனை பேர்? கருவி மாறியபோது திறன் உள்ளவருக்கு வழி விடாமல், பிறப்பைப் பார்த்து வாசலை அடைத்தார்கள். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்யும் மனிதர்களையே படிப்படியாகப் பிரித்து அடுக்குகிறது என்று 1936ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர் விளக்கியதன் பொருள், ஒரு பட்டறையில் ஒரு நாள் நின்று பார்த்தால் விளங்கும்.

என்ஜினின் கணக்கு

இனி மாணவர்கள் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும்.

ஒவ்வொரு சிலிண்டரும் நான்கு வேலை செய்கிறது. காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உறிஞ்சுகிறது, அமுக்குகிறது, பற்றி எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது, புகையை வெளியே விடுகிறது. இந்த நான்கும் முடிய கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டோ ஒரு சுற்றுதான் சுற்றும். அதனால் கேம் சக்கரத்தில், கிராங்க் சக்கரத்தில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு பற்கள் இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரும் கேம் ஷாஃப்ட்டின் வேகத்திலேயே சுற்றும். பழைய மெக்கானிக்குகள் இதை 'டெல்கோ' என்பார்கள்.

கிராங்க் இரண்டு சுற்று சுற்றுவது 720 டிகிரி. அதை ஆறு சிலிண்டருக்குப் பங்கிட்டால் 120 டிகிரிக்கு ஒரு முறை ஒரு பிளக்கில் கரன்ட் விழ வேண்டும். நிமிடத்துக்கு 2400 சுற்று ஓடினால், நொடிக்கு 40 சுற்று. ஒரு சுற்றுக்கு மூன்று என்று நொடிக்கு 120 முறை கரன்ட் விழும். இந்த என்ஜினில் எரியும் வரிசை 1-5-3-6-2-4. இதில் 1ஆம், 6ஆம் பிஸ்டன்கள் சேர்ந்தே மேலே வரும். அதேபோல 5உம் 2உம் ஒரு ஜோடி, 3உம் 4உம் ஒரு ஜோடி. ஜோடியில் ஒன்று கலவையை அமுக்கி மேலே வரும்போது, மற்றொன்று புகையைத் தள்ளிவிட்டு மேலே வரும். கோளாறுகளில் பாதி இந்த ஜோடிக் குழப்பத்தில்தான் பிறக்கிறது.

கலவை முழுவதும் எரியச் சிறிது நேரம் ஆகும். ஆகவே பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே கரன்ட் விழ வேண்டும். இதுதான் அட்வான்ஸ். அளவுக்கு மேல் முந்தினால் ஹேண்டில் போடும்போது என்ஜின் திருப்பி அடிக்கும், ஓடும்போது 'கிணிங் கிணிங்' என்று தட்டும். பிந்தினால் இழுவை குறையும், சூடேறும்.

திருப்பி அடிக்கும் ஹேண்டிலைப் பற்றி இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். மின்சாரத்தில் இயங்கும் செல்ஃப் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு மாடல் காடிலாக் காரில் வந்துவிட்டது. ஆனாலும் பழைய லாரிக்குப் பேட்டரி தளர்ந்தால் இன்றும் ஹேண்டில்தான். டைமிங் வைப்பவர் ஒருவர், ஹேண்டில் போடுபவர் இன்னொருவர். தவறான டைமிங்கில் உடைவது ஹேண்டில் போடுகிற பையனின் மணிக்கட்டு. அதனால் டைமிங் தெரிந்துகொள்வது அவன் உடம்பைக் காத்துக்கொள்ளும் உரிமையும் ஆகும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலைச் சுற்றிப் பிடிக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கீழேயிருந்து மேலே இழுங்கள், அமுக்கித் தள்ளாதீர்கள்.

சரிபார்க்கும் முறை

நம் காலனியில் ஒரு பெரியவர் இருக்கிறார். பஸ் கம்பெனி ஷெட் ஒன்றில் வண்டி கழுவும் வேலைக்குச் சேர்ந்து, ஒதுங்கி நின்று பார்த்தே தொழில் பழகியவர். தம்பிகள் அவரிடம் போய், "பெரியப்பா, எங்க தப்புன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார்கள். "கண்ணு, ஆறாம் நம்பர் வால்வைப் பாருங்க. ஒண்ணாம் நம்பர் எங்க நிக்குதுன்னு அது சொல்லிப்போடும்" என்றார். அவர் சொன்னதை நாம் வரிசைப்படுத்தித் தருகிறோம்.

முதலில், உச்சி எது என்று தெளிவாக்க வேண்டும். எல்லா பிளக்குகளையும் கழற்றிவிட்டால் என்ஜினைக் கையால் சுலபமாகச் சுற்றலாம். 1ஆம் பிளக் துளையைக் கட்டை விரலால் அடைத்துக்கொண்டு, ஓடும் திசையிலேயே மெல்லச் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளினால் அது அமுக்கும் சுற்று. இந்த என்ஜினில் ஃப்ளைவீல் மூடியில் ஒரு துளை உண்டு. அதன் வழியே பார்த்தால் ஃப்ளைவீலில் பதித்த சிறு இரும்புக் குண்டும், உச்சியைக் குறிக்கும் கோடும் தெரியும். குண்டு, உச்சிக்கு 5 டிகிரி முன்னால் இருக்கிறது. கரன்ட் விழ வேண்டிய இடம் அதுதான்.

புதுப்பித்த என்ஜினில் அந்தக் குறியையும் நம்பிவிடக் கூடாது. வேறு என்ஜினின் ஃப்ளைவீல் மாட்டப்பட்டிருக்கலாம். ஹெட் கழற்றியிருக்கும்போதே இதைச் சோதித்துவிடுவது நல்லது. 1ஆம் சிலிண்டரின் குறுக்கே ஓர் இரும்புப் பட்டையை போல்ட் போட்டு இறுக்கி, அதன் நடுவில் இன்னொரு போல்ட்டைக் கீழே நீட்ட விடுங்கள். பிஸ்டன் அதில் மெல்லத் தொடும் வரை சுற்றி, முன்பக்கப் புல்லியில் ஒரு கோடு போடுங்கள். பிறகு எதிர்த்திசையில் மறுபடி தொடும் வரை சுற்றி இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் நடுப்புள்ளிதான் உண்மையான உச்சி. ஃப்ளைவீல் குறி அதோடு ஒத்துப்போக வேண்டும். இதைக் கையால் மட்டுமே செய்ய வேண்டும். ஸ்டார்ட்டரைத் தொடக் கூடாது.

அடுத்தது வால்வு டைமிங். கிராங்க் சக்கரத்திலும் கேம் சக்கரத்திலும் புள்ளிகள் உண்டு. பூட்டும்போது அவை நேருக்கு நேர் நிற்க வேண்டும். இந்த என்ஜினில் கிராங்க் சக்கரம் இரும்பு, கேம் சக்கரம் சத்தம் குறைவாக ஓடும் ஃபைபர். ஒரு பல் தள்ளிப் பூட்டினால் என்ன ஆகும்? உதாரணத்துக்கு, கேம் சக்கரத்தில் 50 பல் என்று வைத்துக்கொள்வோம். 720ஐ 50ஆல் வகுத்தால் 14.4. ஒரே ஒரு பல்லின் தவறு, கிராங்க் கணக்கில் 14 டிகிரிக்கு மேல் போய்விடும். என்ஜின் ஒருவேளை ஓடும், ஆனால் பாரம் இழுக்காது.

மூடிய என்ஜினில் இதை எப்படித் தெரிந்துகொள்வது? ராக்கர் மூடியை மட்டும் கழற்றுங்கள். 1ஆம் பிஸ்டனை அமுக்கும் சுற்றின் உச்சிக்குக் கொண்டுவாருங்கள். இப்போது 6ஆம் சிலிண்டரைப் பாருங்கள். அங்கே வெளிவால்வு மூடிக்கொண்டும் உள்வால்வு திறந்துகொண்டும் இருக்க வேண்டும். ஹேண்டிலைக் கொஞ்சம் முன்னும் பின்னும் அசைத்தால் அந்த இரண்டு ராக்கர்களும் தராசுத் தட்டுகள் போல ஒன்று ஏற, ஒன்று இறங்கும். இந்த ஆட்டம் உச்சிக் குறியை ஒட்டி நடந்தால் சக்கரங்கள் பல் மாறாமல் பூட்டப்பட்டுள்ளன என்று கொள்ளலாம். குறியிலிருந்து நன்றாக விலகி நடந்தால் முன்மூடியைத் திறந்தே ஆக வேண்டும். துல்லியமாக அளக்க வேண்டுமானால், புல்லியில் டிகிரி வட்டம் ஒட்டி, ராக்கர் மேல் டயல் கேஜ் வைத்து, கையேட்டில் கொடுத்த எண்களோடு ஒப்பிடலாம்.

பிறகு டேப்பட் இடைவெளி. சூட்டில் வால்வுத் தண்டு நீளும். இடைவெளி இல்லையென்றால் வால்வு முழுவதும் மூடாமல் நின்று, ஓரம் கருகிவிடும். புகை போகும் வெளிவால்வு அதிகம் சூடாவதால் அதற்குக் கூடுதல் இடைவெளி வேண்டும். அளவை ஃபில்லர் கேஜால் பார்க்க வேண்டும், கண் மதிப்பில் வைக்கக் கூடாது.

கடைசியாகக் கரன்ட். முதலில் பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்யுங்கள். இந்த என்ஜினுக்குச் சுமார் 0.018 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இடைவெளி கூடினால் பாயிண்ட் முந்தித் திறக்கும், டைமிங்கும் முந்திவிடும். ஆகவே இதைச் செய்யாமல் டைமிங் வைப்பது வீண். பிறகு, பேட்டரியின் வோல்ட்டுக்கு ஏற்ற ஒரு சிறு பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வயரை டிஸ்ட்ரிபியூட்டரில் காயிலிலிருந்து வரும் முனையிலும், இன்னொன்றை என்ஜினின் இரும்பிலும் தொடுத்து, சாவியைப் போடுங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் பல்பு எரியாது. பாயிண்ட் திறக்கும் நொடியில் எரியும். பிளக்கில் கரன்ட் விழும் நொடியும் அதுவே.

1ஆம் பிஸ்டன் அமுக்கும் சுற்றில், ஓடும் திசையிலேயே சுற்றிக் குண்டைக் குறிக்கு நேராகக் கொண்டுவாருங்கள். தாண்டிவிட்டால், கால் சுற்று பின்னால் போய் மறுபடி முன்னோக்கி வாருங்கள். சக்கரப் பற்களுக்கு இடையே உள்ள தளர்வு கணக்கைக் கெடுக்காமல் இருக்கத்தான் இது. இப்போது டிஸ்ட்ரிபியூட்டர் உடலைத் தளர்த்தி மெல்லத் திருப்புங்கள். பல்பு சரியாக எரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி முறுக்குங்கள். மூடியைத் திறந்து ரோட்டார் எந்த முனையைக் காட்டுகிறது என்று பாருங்கள். அதுதான் 1ஆம் பிளக்கின் வயருக்கு உரிய இடம். அங்கிருந்து ரோட்டார் சுற்றும் திசையில் 5, 3, 6, 2, 4 என்று மாட்டுங்கள்.

பழைய ஸ்பேனர்கள், ஒரு ஃபில்லர் கேஜ், ஒரு பல்பு, இரண்டு துண்டு வயர். இந்தச் சோதனைக்குத் தேவையானவை இவ்வளவுதான்.

என்ன கோளாறு?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, உரிமையாளரின் சம்மதத்தோடு தம்பிகள் இதே வரிசையில் பார்த்தார்கள். ரோட்டார் 1ஆம் வயரைக் காட்டி நின்றபோது, ஆடிக்கொண்டிருந்தவை 1ஆம் சிலிண்டரின் வால்வுகளே. புகை தள்ளி முடிக்கும் உச்சியை அமுக்கும் உச்சி என்று எண்ணி டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கியிருந்தார்கள். ஒரு முழுச் சுற்றுத் தவறு. உள்வால்வு திறந்திருக்கும் நேரத்தில் கரன்ட் விழுந்ததால்தான் கார்புரேட்டர் வழியாக வெடித்தது. பல்சக்கரங்கள் சரி. வால்வு அரைத்ததும் சரி. டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கி, ரோட்டாரை அரைச் சுற்றுத் திருப்பி இறக்கி, பல்பு வைத்து மறுபடி பார்த்ததும் என்ஜின் பிடித்துக்கொண்டது.

தம்பிகளில் ஒருவர் நம்மிடம் சொன்னார்: "வண்டி ஓடுனது சந்தோசந்தாங்ணா. ஆனா நாங்க அரைச்ச வால்வு சரின்னு எல்லாரும் பாத்தாங்கல்ல, அதுதான் பெருசு."

பட்டறையைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் 'சாமி' என்று கைகட்டி நின்ற நம் ஆட்கள், மூத்தவரை 'அண்ணா' என்று கூப்பிட முடிந்தது பட்டறைக்கு வந்த பிறகுதான். அந்த ஒரு சொல்லுக்கு வந்து சேர நெடுந்தூரம் நடந்திருக்கிறோம். சாதி பார்க்காமல் தொழில் சொல்லித் தந்த மேஸ்திரிகளும் உண்டு, அவர்களை நம் மக்கள் மறப்பதில்லை. தொழில் ரகசியத்தை யாருக்குமே சொல்லாதவர்களும் உண்டு. ஆனால் சொந்தக்காரப் பையனுக்கு மூன்றாம் மாதத்தில் திறக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, காலனிப் பையனுக்கு மூன்றாம் ஆண்டிலும் திறக்கவில்லை என்றால், அதை வெறும் தொழில் ரகசியம் என்று நாம் எப்படி எடுத்துக்கொள்வது?

பிரித்துப் பார்க்க ஒரு வண்டி

கோவையின் தொழில் வரலாற்றைப் பேசும்போது எல்லோரும் ஜி.டி. நாயுடுவைச் சொல்கிறோம். கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். இளம் வயதில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பூட்டிப் பழகியவர். 1920ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு தொழில் தொடங்கியவர். நீண்ட படிப்பை விடக் கையால் செய்து கற்பதே மேல் என்று வாதாடியவர். அவரது திறமையை மதிக்கிறோம். கூடவே இந்தக் கேள்வியையும் மாணவர்கள் கேட்க வேண்டும்: பிரித்துப் பார்க்க ஒரு வண்டி, கெட்டுப்போனாலும் அடி விழாத ஓர் இடம், இவை யாருக்குக் கிடைத்தன? நம் பிள்ளைகளுக்குத் திறமை குறைவில்லை. பிரித்துப் பார்க்கும் உரிமைதான் கிடைக்கவில்லை.

அந்த உரிமையைக் கேட்டுப் பெறச் சில வழிகள் இருக்கின்றன. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தில், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கச் சொல்லும் 3ஏ பிரிவு உண்டு. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு தரும் சட்டம் 2009ஆம் ஆண்டில் வந்தது. இப்படி உள் ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டு ஆண்டுப் படிப்பு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். சொந்தப் பட்டறை வைக்க நினைப்பவர்கள் தாட்கோ அலுவலகத்திலும், அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்துக்காக மாவட்டத் தொழில் மையத்திலும் விசாரிக்கலாம். பட்டறையில் பத்து ஆண்டு உழைத்த அனுபவம் ஒரு மூலதனம். அதை அங்கே சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

இன்றைய லாரிகள் டீசலில் ஓடுகின்றன. அவற்றில் பிளக்கும் பாயிண்ட்டும் கிடையாது. பழைய பெட்ரோல் லாரியின் பாடம் இனி எதற்கு என்று சிலர் கேட்கலாம். டீசலிலும் வால்வு டைமிங் உண்டு. கரன்ட்டுக்குப் பதில் டீசல் பீய்ச்சும் நேரம் உண்டு. கம்ப்யூட்டர் வைத்த புது வண்டிகளில் கிராங்க் சென்சாரும் கேம் சென்சாரும் கேட்பது அதே கேள்விதான்: 1ஆம் பிஸ்டன் எங்கே நிற்கிறது, எந்தச் சுற்றில் நிற்கிறது? பழைய என்ஜினில் இதைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுக் கற்றவருக்குப் புது வண்டியின் ஸ்கேனர் காட்டுவது எளிதில் புரியும். அடிப்படை தெரியாதவர் ஸ்கேனர் காட்டும் எழுத்தைப் படிப்பதோடு நின்றுவிடுவார்.

பட்டறை முதலாளிகளுக்கும் மூத்த மெக்கானிக்குகளுக்கும் நம் வேண்டுகோள் ஒன்றுதான். டைமிங் வைக்கும் அரை மணி நேரம் உங்களோடு வேலை செய்கிற பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பல்பைப் பிடிக்கச் சொல்லுங்கள். டீ அரை மணி நேரம் கழித்து வரட்டும். கற்றுத் தந்தவரின் தொழில் அதனால் குறைந்துவிடாது. தவறு நடந்தால் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு கண்கள் கிடைக்கும்.

பட்டறைக்குப் போகும் தம்பிகளே, இந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ராக்கர் மூடி கழன்றிருக்கும்போது ஆறாம் நம்பரைப் பாருங்கள்.